சிறுநீரக நோயாளிக்கும் கேக்: பேக்கிங் பவுடருக்குப் பதில் எதை, எவ்வளவு சேர்ப்பது

பேக்கிங் பவுடர் பிறந்ததே ஒருவருடைய பத்தியத்துக்காகத்தான். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் மருந்துக்கடை வைத்திருந்த ஆல்ஃபிரட் பேர்ட், ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாத தம் மனைவி எலிசபெத்துக்காக, ஈஸ்ட் இல்லாமலே மாவை உப்பவைக்கும் ஒரு தூளை 1843-இல் உருவாக்கினார். அந்தத் தூளின் இன்றைய வடிவத்தைத் தவிர்க்க வேண்டியவர்களில் முதன்மையானவர்கள் நாள்பட்ட சிறுநீரக நோயுள்ளவர்கள். பேரக்குழந்தையின் பிறந்தநாளுக்கு வெட்டும் கேக்கில் ஒரு சிறு துண்டுகூட அவர்களுக்கு ஆகாது என்று வீட்டிலுள்ளவர்களே முடிவு கட்டிவிடுவது வழக்கமாக இருக்கிறது. அந்த முடிவு பெரும்பாலும் தேவையற்றது. மாவையும் சர்க்கரையையும் கொழுப்பையும் மருத்துவர் அனுமதித்த அளவுக்குள் வைத்துக்கொண்டு, உப்பவைக்கும் பொருளைச் சரியாக மாற்றினால், பெரிய தடை ஒன்று நீங்கிவிடும்.

ஆனால் பேக்கிங் பவுடருக்குப் பதில் என்று பொதுவாகச் சொல்லப்படும் பொருள்களில் கைக்குக் கிடைத்த ஒன்றை எடுத்துப் போடுவது ஆபத்தானது. ஒரு பத்தியத்துக்கு நன்மை செய்யும் மாற்றுப்பொருள் இன்னொரு பத்தியத்துக்கு நேரடியான தீங்காகிறது. எனவே அடுப்பைப் பற்றவைக்கும் முன்பு தெரிந்துகொள்ள வேண்டியது, தவிர்க்க வேண்டியது பாஸ்பரஸா, சோடியமா, பொட்டாசியமா, அல்லது இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்தா என்பதுதான். நோயின் கட்டத்துக்கும் எடுத்துக்கொள்ளும் மருந்துகளுக்கும் ஏற்ப இது மாறும். சமீபத்திய ரத்தப் பரிசோதனையைப் பார்த்து மருத்துவரோ மருத்துவமனையின் உணவியல் நிபுணரோ சொல்வதையே அடிப்படையாகக் கொள்ள வேண்டும். அந்தப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

தூளுக்குள் இருப்பவை

வழக்கமான எந்தப் பேக்கிங் பவுடரை எடுத்தாலும் அதில் மூன்று பங்காளிகள் உண்டு. முதலாவது சமையல் சோடா, அதாவது நாம் ஆப்பசோடா என்று சொல்லும் சோடியம் பைகார்பனேட். இரண்டாவது, அந்தச் சோடாவோடு சேர்ந்து கரியமில வாயுவை வெளிவிடச் செய்யும் உலர்ந்த அமில உப்பு. மூன்றாவது, இவை இரண்டும் டப்பாவுக்குள்ளேயே ஈரம்பட்டு வினைபுரிந்துவிடாமல் காக்கும் மாவுச்சத்து, பெரும்பாலும் சோளமாவு. பத்தியக்காரருக்குச் சிக்கலைத் தருவது முக்கியமாக அந்த இரண்டாவது பொருள்தான்.

தொடக்கக்காலத்தில் அமிலப் பொருளாகப் பயன்பட்டது திராட்சை ரசப் பீப்பாய்களின் உட்புறத்தில் படியும் க்ரீம் ஆஃப் டார்டார். அமெரிக்காவுக்கு அது ஐரோப்பாவிலிருந்து வர வேண்டியிருந்ததால் விலை மிகுந்திருந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழக வேதியியலாளர் ஈபன் ஹார்ஸ்ஃபோர்ட், எலும்பிலிருந்து எடுத்த கால்சியம் பாஸ்பேட்டைக் கொண்டு அதற்கு மாற்று கண்டு 1856-இல் காப்புரிமை பெற்றார். பாஸ்பேட் மலிவாகக் கிடைத்தது. நீண்ட நாள் கெடாமலும் இருந்தது. அன்று தொடங்கி இன்றுவரை கடையில் விற்கும் பெரும்பாலான பேக்கிங் பவுடர்களில் ஏதோ ஒரு பாஸ்பேட் உப்பு இருக்கிறது. ஆரோக்கியமானவருக்கு அதனால் கவலைப்பட ஒன்றுமில்லை. சிறுநீரகம் கூடுதல் பாஸ்பரஸைச் சிறுநீரோடு வெளியேற்றிவிடும். அந்த வேலை நடக்காத உடலிலோ பாஸ்பரஸ் ரத்தத்தில் தேங்கி, எலும்பிலிருந்து கால்சியத்தை இழுத்து, ரத்தக்குழாய்ச் சுவர்களில் சுண்ணாம்பு படியச் செய்கிறது.

பருப்பிலும் தானியத்திலும் இயற்கையாக உள்ள பாஸ்பரஸில் ஒரு பகுதியைத்தான் குடல் உறிஞ்சுகிறது. பாலிலும் இறைச்சியிலும் உள்ளதில் ஏறக்குறைய 40 முதல் 60 சதவீதம் உறிஞ்சப்படுகிறது. தொழிற்சாலையில் சேர்க்கப்படும் பாஸ்பேட் உப்போ 90 சதவீதத்துக்கு மேல் ரத்தத்தில் சேர்ந்துவிடுகிறது. இதனால்தான் ஒரு தேக்கரண்டித் தூளை இவ்வளவு பொருட்படுத்த வேண்டியிருக்கிறது. அமெரிக்க வேளாண்மைத் துறையின் சத்து அட்டவணைப்படி, பாஸ்பேட்டை மட்டுமே அமிலமாகக் கொண்ட பேக்கிங் பவுடரின் ஒரு தேக்கரண்டியில் சுமார் 456 மில்லிகிராம் பாஸ்பரஸும் 363 மில்லிகிராம் சோடியமும் உள்ளன. அலுமினியம் சல்ஃபேட் கலந்த வகையில் பாஸ்பரஸ் 101 மில்லிகிராமாகக் குறைகிறது. ஆனால் சோடியம் 488-ஆக ஏறுகிறது, அலுமினியமும் சேர்கிறது. 1970-களில் டயாலிசிஸ் நோயாளிகளிடம் அலுமினியம் தேங்கி மூளையைப் பாதித்த வரலாறு இருப்பதால், சிறுநீரக நோயுள்ளவருக்கு இந்த இரண்டாவது வகையையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

டப்பாவின் முன்பக்கத்தில் என்ன எழுதியிருந்தாலும், பின்பக்கத்திலுள்ள சேர்மானப் பட்டியலையே நம்ப வேண்டும். இந்தியாவில் விற்கும் டப்பாக்களில் இவை ஐஎன்எஸ் எண்களாக, அதாவது உணவுச் சேர்க்கைப் பொருள்களுக்கான பன்னாட்டு அடையாள எண்களாக அச்சிடப்பட்டிருக்கும். 500 என்பது சோடா; அதனால் மட்டும் பாஸ்பரஸ் சேராது. 339, 340, 341, 450, 451, 452 ஆகியவை எல்லாம் பாஸ்பேட்டுகள். 541 என்பது பாஸ்பேட்டும் அலுமினியமும் சேர்ந்தது, 521 என்பது அலுமினியம். 501, 336 ஆகியவை பொட்டாசியம் கொண்டவை. பாஸ்பரஸ் எத்தனை மில்லிகிராம் என்பதைப் பெரும்பாலான டப்பாக்கள் சொல்வதில்லை என்பதால் இந்த எண்களை ஒரு தாளில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்வது உதவும். உப்பவைக்கும் தூள் முன்கூட்டியே கலந்த செல்ஃப் ரைசிங் மாவு, கேக் மிக்ஸ், பான்கேக் மிக்ஸ் ஆகியவற்றிலும் இதே எண்கள் ஒளிந்திருக்கும்.

பாஸ்பரஸ் தடை: சோடாவும் சிட்ரிக் அமிலமும்

பாஸ்பரஸைக் குறைக்கச் சொல்லப்பட்டவருக்கு எனக்குத் தெரிந்த மாற்றுகளில் மிக நல்லது, சமையல் சோடாவோடு சிட்ரிக் அமிலத்தைச் சேர்ப்பது. மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்றோ லெமன் சால்ட் என்றோ கேட்டால் வெள்ளைப் படிகமாகக் கிடைக்கும். டப்பாவில் ஐஎன்எஸ் 330 என்று இருக்கும். அதில் பாஸ்பரஸும் இல்லை, பொட்டாசியமும் இல்லை, சோடியமும் இல்லை.

ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடருக்கு ஈடாக 1.2 கிராம் சமையல் சோடாவும் 1 கிராம் சிட்ரிக் அமிலமும் வேண்டும். கரண்டிக் கணக்கில், தலை தட்டிய கால் தேக்கரண்டி சோடாவும், அதே கால் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவான சிட்ரிக் அமிலமும் எனக் கொள்ளலாம். இந்த விகிதம் வேதியியல் கணக்கிலிருந்து வருவது; சோடா முழுவதும் அமிலத்தால் சமன்செய்யப்படும்போதுதான் கேக்கில் சோப்பு போன்ற கசப்பு தங்காது. நகை எடை பார்க்கும் சிறிய மின்னணுத் தராசு இப்போது அதிக விலையில்லாமல் கிடைக்கிறது. பத்தியச் சமையல் அடிக்கடி நடக்கும் வீட்டில் அது ஒன்று இருப்பது மிகவும் நல்லது, ஏனெனில் கரண்டியின் ஆழமும் படிகத்தின் பருமனும் மாறும்போது கால் தேக்கரண்டி என்பது வேறு வேறு எடையாகிவிடுகிறது.

சிட்ரிக் அமிலம் கிடைக்காதபோது எலுமிச்சைச் சாறோ வினிகரோ பயன்படும். இங்கே பரவலாகச் சொல்லப்படும் ஓர் அளவைத் திருத்த வேண்டியிருக்கிறது. கால் தேக்கரண்டி சோடாவுக்கு அரைத் தேக்கரண்டி வினிகர் போதும் என்பார்கள். அது சோடாவின் ஒரு சிறு பங்கைத்தான் சமன்செய்யும். சராசரிப் புளிப்புள்ள எலுமிச்சைச் சாறு என்றால் ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மில்லி வேண்டும். ஐந்து சதவீத வினிகருக்கும் ஏறக்குறைய அதே அளவுதான். நான்கு சதவீதம் என்று குப்பியில் போட்டிருந்தால் 20 மில்லி ஊற்ற வேண்டும். ஊற்றிய அளவுக்குச் செய்முறையிலுள்ள தண்ணீரையோ பாலையோ குறைத்துக்கொள்ள வேண்டும். இந்த அளவு எலுமிச்சைச் சாற்றில் உள்ள பொட்டாசியம் மிகச் சிறியது, அஞ்ச வேண்டியதில்லை.

தயிரும் மோரும் இதே வேலையைச் செய்யும். கால் தேக்கரண்டி சோடாவுக்கு நன்றாகப் புளித்த மோர் அரைக் கோப்பை பிடிக்கும். ஆனால் அதனோடு பாலுக்குரிய பாஸ்பரஸும் பொட்டாசியமும் வருகின்றன என்பதால், பால் பொருள்களுக்கு அன்றைய உணவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்தே சேர்க்க வேண்டும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை: அலுமினியம் கலந்த அமில முறிவு மருந்தையோ, பாஸ்பரஸைக் கட்டுப்படுத்த அலுமினியம் கலந்த மருந்தையோ எடுத்துக்கொள்பவர் சிட்ரிக் அமிலத்தையும் எலுமிச்சையையும் மருத்துவரிடம் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது. சிட்ரிக் அமிலத்திலிருந்து வரும் சிட்ரேட் இருக்கும்போது குடல் அலுமினியத்தை அதிகமாக உறிஞ்சுகிறது. அவர்களுக்கு வினிகரே பொருத்தம்.

அடுப்பில் செய்யும்போது

கடைத் தூளில் பெரும்பாலானவை இரண்டு முறை வேலை செய்பவை. மாவு நனையும்போது கொஞ்சம் வாயு, சூட்டில் மீதி வாயு. நாம் சேர்க்கும் சோடாவும் அமிலமும் நனைந்த உடனேயே வினைபுரிந்துவிடும். வாயு முழுவதும் வெளியேறுவதற்குள் மாவு சூட்டில் இறுகத் தொடங்க வேண்டும் என்பதால் வேலையின் வரிசையை மாற்ற வேண்டும். ஓவனை முதலிலேயே 175 டிகிரி செல்சியஸில் சூடேற்றி, தட்டில் எண்ணெய் தடவித் தாள் விரித்துத் தயாராக வைத்துவிட்டுத்தான் கலவையில் கை வைக்க வேண்டும். ஓவன் இல்லாதவர்கள், உள்ளே தாங்கி வைத்து மூடிய கனமான பாத்திரத்தையோ, ரப்பரும் விசிலும் நீக்கிய குக்கரையோ பத்து நிமிடம் மிதமான தீயில் காய வைக்கலாம்.

எட்டுத் துண்டு கேக்குக்கு 200 கிராம் மைதா, 2.4 கிராம் சோடா, 2 கிராம் சிட்ரிக் அமிலம் ஆகியவற்றை இரண்டு மூன்று முறை சேர்த்துச் சலிக்கவும். சிட்ரிக் அமிலம் பருமனான படிகமாக இருந்தால் முதலில் பொடித்துக்கொள்ளவும். இல்லையென்றால் கேக்கில் அங்கங்கே புளிப்பு தட்டும். வேறொரு பாத்திரத்தில் இரண்டு முட்டை, 160 கிராம் சர்க்கரை, 100 மில்லி எண்ணெய், 120 மில்லி தண்ணீர், வெனிலா அல்லது ஏலக்காய் ஆகியவற்றை நன்றாக அடித்துக்கொண்டு, மாவைக் கடைசியில் கொட்டி, வெள்ளைத் திட்டு மறையும்வரை மட்டும் கலந்து, உடனே தட்டில் ஊற்றி உள்ளே வைக்கவும். முப்பது முதல் முப்பத்தைந்து நிமிடத்தில் குச்சி சுத்தமாக வரும். முதல் இருபது நிமிடம் கதவைத் திறக்காமல் இருப்பது நல்லது. கேக் நடுவில் அமுங்கினால் கலந்தபின் தாமதமாகிவிட்டது என்று பொருள்; அதிகப் பழுப்பாகி, கசந்தால் சோடா கூடிவிட்டது என்று பொருள்.

இந்தக் கேக்கில் இரண்டு தேக்கரண்டி பாஸ்பேட் வகைத் தூள் போட்டிருந்தால் ஒவ்வொரு துண்டிலும் தூளிலிருந்து மட்டுமே சுமார் 114 மில்லிகிராம் பாஸ்பரஸ் வந்திருக்கும். சிறுநீரக நோயாளிக்கு நாள் முழுவதற்கும் 800 முதல் 1000 மில்லிகிராம் என்று வரையறுப்பது வழக்கம் என்பதை நினைத்தால், இந்த மாற்றத்தின் மதிப்பு புரியும். மாற்றியபின் தூளின் பங்கு பூஜ்யம். முட்டைக்கும் மாவுக்கும் உரியது மட்டுமே எஞ்சும். கோதுமை மாவு உடலுக்கு நல்லது என்று இங்கே மைதாவை மாற்றிவிட வேண்டாம். முழுக் கோதுமையில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் மைதாவில் உள்ளதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் உள்ளன. அதேபோல் வெல்லம், வாழைப்பழம், பேரீச்சை, கோகோ ஆகியவை பொட்டாசியம் தடையுள்ளவருக்கு ஆகா. சர்க்கரை நோயும் சேர்ந்துள்ளவர் சர்க்கரையின் அளவைத் தனியே கேட்டறிய வேண்டும்.

சோடாவையும் சிட்ரிக் அமிலத்தையும் மாவுச்சத்தோடு கலந்து டப்பாவில் சேமிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. 12 கிராம் சோடா, 10 கிராம் அமிலம், 20 கிராம் சோளமாவு என்று கலக்கலாம். நான்கு கிராமுக்குச் சற்று மேல் எடுத்தால் ஒரு தேக்கரண்டிக் கடைத் தூளுக்கு ஈடாகும். ஆனால் கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் சிட்ரிக் அமிலம் விரைவில் கசிந்து, கலவை கட்டிதட்டிவிடும். அவ்வப்போது கலந்துகொள்வதே என் விருப்பம்.

சோடியம் தடை: சோடாவும் தப்பாது

மேலே சொன்ன மாற்று பாஸ்பரஸைத்தான் நீக்குகிறது, சோடியத்தை நீக்குவதில்லை. சோடா பொங்கி வாயுவாகப் போய்விட்டால் சோடியமும் போய்விடும் என்று சிலர் எண்ணுகிறார்கள். வெளியேறுவது கரியமில வாயு மட்டுமே; சோடியம் முழுவதும் கேக்கிலேயே தங்கும். கால் தேக்கரண்டி சோடாவில் சுமார் 315 மில்லிகிராம் சோடியம் இருப்பதால், மேற்சொன்ன கேக்கின் ஒரு துண்டில் ஏறக்குறைய 80 மில்லிகிராம் இருக்கும். நாளுக்கு 2 கிராமுக்குள் சோடியம் என்ற வழக்கமான வரையறையில் ஒரு துண்டுக்கு இது தாங்கக்கூடியதே. உப்பும் உப்பிட்ட வெண்ணெயும் சேர்க்காமல் இருந்தால் போதும். ஈனோ போன்ற ஃப்ரூட் சால்ட்டும் சோடாவும் சிட்ரிக் அமிலமும் சேர்ந்ததுதான். பாஸ்பேட் இல்லை என்றாலும், 5 கிராம் பொட்டலத்தில் 600 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் உள்ளது. ரவா இட்லியிலும் டோக்ளாவிலும் ஒரு பொட்டலத்தை முழுதாகக் கொட்டும் பழக்கத்தைப் பத்தியக்காரர் வீட்டில் விட்டுவிட வேண்டும்.

சோடியம் குறைந்த பேக்கிங் பவுடர் என்ற பெயரில் வெளிநாடுகளில் விற்கும் தூள் ஒன்று உண்டு. ரத்த அழுத்தத்துக்காக மட்டும் உப்பைக் குறைக்கிற, சிறுநீரகம் நன்றாக இயங்குகிற ஒருவருக்கு அது உதவலாம். சோடாவின் இடத்தில் பொட்டாசியம் பைகார்பனேட் இருப்பதால், அதன் ஒரு தேக்கரண்டியில் சுமார் 500 மில்லிகிராம் பொட்டாசியமும், அமிலப் பொருளின் வழியாக 340 மில்லிகிராம் அளவுக்குப் பாஸ்பரஸும் உள்ளன. சிறுநீரக நோயாளியின் சமையலறைக்குள் இது வரவே கூடாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத்துடிப்பே தடுமாறும். ராமிப்ரில், டெல்மிசார்டான், லோசார்டான், ஸ்பைரனோலாக்டோன் போன்ற மருந்துகளை எடுப்பவர்களுக்கு ஏற்கெனவே பொட்டாசியம் ஏறும் வாய்ப்பு உண்டு என்பதால், ரத்த அழுத்தம் மட்டுமே உள்ளவரும் கேட்டுவிட்டே வாங்க வேண்டும். இதே காரணத்தால், கால் தேக்கரண்டி சோடாவோடு அரைத் தேக்கரண்டி க்ரீம் ஆஃப் டார்டார் என்ற புகழ்பெற்ற மாற்றும் எல்லோருக்கும் பொருந்தாது. அந்த அரைத் தேக்கரண்டியில் 250 மில்லிகிராம் அளவுக்குப் பொட்டாசியம் இருக்கிறது. பொட்டாசியத் தடை இல்லாதவருக்குச் சுவையில் அது மிகச் சிறந்தது, கசப்பே தெரியாது.

சோடியம், பொட்டாசியம், பாஸ்பரஸ் மூன்றும் தடையென்றால் முட்டையின் வெள்ளைக்கருவே கைகொடுக்கும். ஒரு வெள்ளைக்கருவில் பாஸ்பரஸ் வெறும் 5 மில்லிகிராம். சோடியமும் பொட்டாசியமும் 55 மில்லிகிராம் அளவில்தான். கூடவே மூன்றரை கிராம் நல்ல புரதம் இருப்பதால், புரதம் கூடுதலாகத் தேவைப்படும் டயாலிசிஸ் நோயாளிக்கு இது இரட்டை நன்மை. ஆறு வெள்ளைக்கருவை எண்ணெய்ப் பசையே இல்லாத பாத்திரத்தில் நுரைக்க அடித்து, ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டு, 150 கிராம் பொடித்த சர்க்கரையைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, கரண்டியைத் தூக்கினால் கூர்முனை வளையாமல் நிற்கும் பதம் வரும்வரை அடிக்கவும். 70 கிராம் மைதாவைச் சலித்து மூன்று தடவையாகத் தூவி, நுரை உடையாமல் அடியிலிருந்து மேலாகப் புரட்டவும். எண்ணெய் தடவாத 18 சென்டிமீட்டர் தட்டில் ஊற்றி 165 டிகிரியில் முப்பத்தைந்து நிமிடம் சுட்டு, தட்டோடு தலைகீழாகக் கவிழ்த்து முழுதாக ஆறவிடவும். எண்ணெய் தடவாததற்குக் காரணம், மாவு தட்டின் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும் என்பதே. இதற்கு உப்பவைக்கும் தூள் எதுவுமே வேண்டாம். ரொட்டி, பன் போன்றவற்றுக்கு ஈஸ்ட் இருக்கிறது. சேர்க்கும் அளவு சிறியதாகையால் அதன் தாதுக்கள் பெரிதாகக் கணக்கில் வருவதில்லை.

குளூட்டன் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் சோளம் ஒவ்வாதவர்களுக்கும் சிக்கல் அமிலத்தில் இல்லை, மாவுச்சத்தில் இருக்கிறது. சில தூள்களில் கோதுமை மாவுச்சத்து சேர்க்கப்படுவதுண்டு. வீட்டில் கலக்கும்போது சோளமாவின் இடத்தில் ஆரோரூட் மாவைப் போட்டால் இருவருக்கும் பொருந்தும்.

மொறுமொறுப்பான பிஸ்கட்டுக்கு இன்னொரு வழி உண்டு. பேக்கரிக்காரர்கள் அமோனியா என்று சுருக்கமாகச் சொல்லும் அமோனியம் பைகார்பனேட், ஐஎன்எஸ் 503, சூட்டில் அமோனியா, கரியமில வாயு, நீராவி என முழுவதும் ஆவியாகிவிடுவதால் எந்த உப்பையும் மிச்சம் வைப்பதில்லை. உணவுத் தரம் என்று அச்சிட்டதையே வாங்க வேண்டும். 200 கிராம் மைதா, 90 கிராம் உப்பில்லா வெண்ணெய், 70 கிராம் பொடித்த சர்க்கரை ஆகியவற்றோடு, இரண்டு மேசைக்கரண்டிக் குளிர்ந்த நீரில் கரைத்த 2 கிராம் அமோனியாவைச் சேர்த்துப் பிசைந்து, அரை சென்டிமீட்டருக்கு மேல் தடிக்காமல் தேய்த்து வெட்டி, 170 டிகிரியில் பதினைந்து முதல் பதினெட்டு நிமிடம் சுடவும். பச்சை மாவைச் சுவைத்துப் பார்க்கக் கூடாது. கேக் போன்ற தடித்த, ஈரமான பண்டங்களில் வாயு உள்ளேயே சிக்கிக்கொள்ளும் என்பதால் அவற்றுக்கு இது உதவாது. சுடும்போது எழும் நெடி கண்ணை உறுத்தும். சன்னலைத் திறந்துவைத்து, ஓவன் கதவைத் திறக்கும்போது முகத்தை விலக்கிக்கொள்ளவும். ஆறிய பிஸ்கட்டில் சிறிதளவேனும் நெடி இருந்தால் 120 டிகிரியில் மேலும் பத்து நிமிடம் வைத்து எடுத்தபின் கொடுக்கவும்.